மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

சென்ற மாதம் என் அக்கா மகள் ஒரு விண்ணப்பத்தை எழுதி, அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்தாள். நான் ஒரு மெட்ரோ ரயில் நிலையத்தில் வேலை செய்கிறேன்; அவளுடையது வேறொரு நகரத்தின் மெட்ரோ ரயிலில், நிலைய உதவியாளர் பணிக்கான விண்ணப்பம். இந்தப் பணியை ஏன் விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, 'மக்களோடு பழகுவது எனக்கு மிகவும் பிடிக்கும்' என்று தொடங்கியிருந்தாள். 11 ஆண்டுகளுக்கு முன் என் விண்ணப்பத்தில் நானும் ஏறக்குறைய இதே வாக்கியத்தைத்தான் எழுதினேன். அதை எடுத்துவிட்டு வேறு எழுதச் சொன்னேன். "ஏன் மாமா, அது உண்மைதானே?" என்று கேட்டாள். அன்று அவளுக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை முழுமையாக எழுதிவைத்தால் இந்த வேலைக்கு முயலும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

பயணிகளிடம் இனிமையாகப் பேசத் தெரிவது இந்த வேலைக்குத் தேவைதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஷிஃப்ட்டைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியாது. நானூறு நாள் ஒன்றுமே நடக்காத நடைமேடையில் நானூற்றொன்றாவது நாளும் கண் அசராமல் நிற்பதும், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் உடனே வாய்விட்டுச் சொல்வதும்தான் இந்த வேலைக்கு உயிர். தேர்வு செய்பவர்கள் கேள்விகளை எப்படி மாற்றி மாற்றிக் கேட்டாலும், விண்ணப்பிப்பவரிடம் இந்தக் குணம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள் என்பதை நான் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்த பிறகே புரிந்துகொண்டேன்.

தேர்வு முறை இடத்துக்கு இடம் சற்று மாறினாலும் அதன் போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். விண்ணப்பத்தைத் தொடர்ந்து ஒரு கணினித் தேர்வோ எழுத்துத் தேர்வோ இருக்கும். பிறகு நேர்காணல், சில நிறுவனங்களில் குழு விவாதம் அல்லது நடித்துக் காட்டும் தேர்வு, கடைசியாக மருத்துவப் பரிசோதனை. மருத்துவப் பரிசோதனையைப் பலரும் ஒரு சடங்காக நினைத்துவிடுகிறார்கள். பாதுகாப்போடு தொடர்புடைய பணி என்பதால் பார்வைக் கூர்மை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், கேட்கும் திறன் ஆகியவற்றை அங்கே கவனமாகச் சோதிப்பார்கள். தனக்கு நிறப் பார்வையில் குறை இருப்பது எல்லாக் கட்டங்களையும் தாண்டிய பிறகு அந்த மேசையில்தான் சிலருக்கு முதன்முதலாகத் தெரியவருகிறது. அந்த ஏமாற்றத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரைப் பார்த்துவிடும்படி எல்லோரிடமும் சொல்கிறேன். மது, போதைப்பொருள் சோதனையும் உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு அது முன்னறிவிப்பின்றி எந்த ஷிஃப்ட்டிலும் நடக்கலாம்.

கணினித் தேர்வில் வரும் சூழ்நிலைக் கேள்விகளில், 'முதலில்' என்ற ஒரு சொல்லைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரு பயணி கட்டணத்தைப் பற்றி உங்களிடம் கோபமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் நகரும் படிக்கட்டின் அடியில் தண்ணீர் சிந்திக் கிடப்பதாக இன்னொருவர் சொல்லிவிட்டுப் போகிறார். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? கோபப்படுபவரைச் சமாதானப்படுத்துவதே நல்ல சேவை என்று நினைத்துப் பலர் அந்த விடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கட்டணத் தகராறு ஐந்து நிமிடம் பொறுக்கும், ஈரமான இடத்தில் இறங்கப்போகும் முதியவரின் கால் பொறுக்காது. பாதுகாப்பு முதலில், அதன்பின் ரயிலின் ஓட்டம், அதன்பின் தனிப்பட்ட பயணியின் குறை என்ற வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் இத்தகைய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானே வந்துவிடும்.

நேர்காணலில், 'நீங்கள் ஒரு கடினமான வாடிக்கையாளரைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்பது போன்ற கேள்வி கட்டாயம் வரும். அங்கே பொதுவாகப் பேசுபவர்கள் தோற்றுவிடுகிறார்கள். எந்த இடம், என்ன நேரம், எதிரில் இருந்தவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவில் என்ன ஆயிற்று என்று ஒரே ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் சொல்ல வேண்டும். 'நாங்கள் செய்தோம், எங்கள் குழு செய்தது' என்று அடக்கத்துக்காகச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த ஓர் அறையில் மட்டும் 'நான்' என்று சொல்லத் தயங்கக் கூடாது, ஏனெனில் குழுவில் உங்கள் பங்கு என்ன என்று தெரியாமல் அவர்களால் மதிப்பெண் போட முடியாது.

நடித்துக் காட்டும் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிறுவனத்தில் அந்தத் தேர்வுக்குப் பயணியாக நடிக்க என்னை இரண்டு நாள் அழைத்தார்கள். என் அட்டையில் இருமுறை பணம் பிடித்துவிட்டார்கள் என்று சத்தம் போட வேண்டும். எதைச் சொன்னாலும் முதல் இரண்டு நிமிடத்துக்கு அடங்கக் கூடாது. இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் அறையின் சுவரோரம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பையையும் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி விண்ணப்பதாரரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் வந்தவர்களில் பெரும்பாலோர் என்னை மிக அழகாகச் சமாளித்தார்கள். பொறுமையாகக் கேட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், படிவம் தருவதாகச் சொன்னார்கள், பையைப் பார்க்கவே இல்லை. ஒரு பெண், நான் கத்திக்கொண்டிருக்கும்போதே என் தோளுக்கு மேலாக ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஐயா, உங்கள் பிரச்சினையை நான் நிச்சயம் பார்க்கிறேன், அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், அந்தப் பை உங்களுடையதா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த நொடியில் என்னைப் பேசிக்கொண்டே சில அடி தள்ளி நிற்க வைத்துவிட்டு, நிலையக் கட்டுப்பாட்டு அறையை அழைப்பது போல நடித்துக் காட்டினார். அவர் பேசிய விதத்தில் சிறு தடுமாற்றங்கள் இருந்தன, மன்னிப்பு என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. அவருக்குத்தான் வேலை கிடைத்தது. தேர்வுக்குத் தேர்வு காட்சியை மாற்றிவிடுகிறார்கள், அந்தப் பை இனி வராது. அதனால்தான் இதைத் தயக்கமின்றி எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த பிறகு நடைமேடையில் முதலில் கற்றுக்கொள்வது மஞ்சள் கோட்டைத்தான். பல நகரங்களின் நடைமேடை ஓரத்தில் மேடு மேடாகப் புள்ளிகள் கொண்ட மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியரான சேஇச்சி மியாகே 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த ஓடுகள் அவை. நீளக் கோடுகள் இருந்தால் நடக்கலாம், புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும் என்பது அவற்றின் மொழி. பார்வையற்றவர்கள் தங்கள் பாதத்தாலும் கைக்கோலாலும் அதைப் படிக்கிறார்கள். பார்வையுள்ளவர்களோ அதை வெறும் அலங்காரமாக நினைத்து அதன்மேல் பெட்டியை வைக்கிறார்கள், குழந்தையை நிறுத்துகிறார்கள், கைபேசியைப் பார்த்தபடி கடந்து போகிறார்கள். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை முறை 'கோட்டுக்கு இந்தப் பக்கம் வாருங்கள்' என்று சொல்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்தக் கோட்டுக்கு அப்பால், நடைமேடைக்கும் ரயிலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் அப்படித்தான். ரயில் பெட்டி நேரானது. நடைமேடை வளைந்திருந்தால் ஒரு நேர்கோட்டை ஒரு வளைவின்மேல் வைப்பது போல ஆகிவிடும். நடைமேடை உள்வாங்கி வளைந்திருந்தால் பெட்டியின் நடுக்கதவில் இடைவெளி பெரிதாகும், வெளிப்பக்கம் புடைத்திருந்தால் இரு முனைக் கதவுகளில் பெரிதாகும். லண்டன் சுரங்க ரயிலில் இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் பதிவு செய்யப்பட்ட அறிவிப்பு 1968-இல் வந்ததற்கு, நூற்றாண்டுக்கு முன் போட்ட பாதைகளில் இருந்த இத்தகைய வளைவுகளே காரணம். தான் நிற்கும் நடைமேடையில் எந்தப் பெட்டியின் எந்தக் கதவில் இடைவெளி அதிகம் என்பது பணியாளருக்கு உள்ளங்கை ரேகை போலத் தெரிந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரை எந்தக் கதவில் ஏற்றுவது என்ற முடிவு அதைப் பொறுத்தது.

கதவு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூடும் கதவில் கையையோ பையையோ நுழைத்து ஓடிவரும் நண்பருக்காகப் பிடித்து வைப்பவர்களிடம் நாங்கள் கடுமையாகப் பேசுவது ஏன் என்று பலருக்கும் புரிவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் தடத்தில் ஒரு ரயில் 20 நொடி தாமதமானால், அடுத்த நிலையத்தில் அந்த 20 நொடியில் வந்து சேர்ந்த கூட்டமும் அதே ரயிலில்தான் ஏறும். கூட்டம் கூடினால் ஏறி இறங்க இன்னும் நேரமாகும், தாமதம் வளரும். பின்னால் வரும் ரயிலோ காலியாகவே வந்து முன்னதன் வாலைப் பிடித்து நிற்கும். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் 1955-இல் பயணிகளைப் பெட்டிக்குள் ஒழுங்குபடுத்தி ஏற்றுவதற்கென்றே ஆட்களை நியமித்தார்கள், அவர்களில் பலர் பகுதிநேரமாக வேலை செய்த மாணவர்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஆட்களைத் தள்ளுவது மட்டும்தான் தெரியும். கதவு உரிய நொடியில் மூடினால்தான் முழுத் தடமும் ஓடும் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது.

ஜப்பானிய ரயில்வேயிடமிருந்து நான் கற்றுக்கொண்டு இன்றுவரை கைவிடாத பழக்கம் ஒன்று உண்டு. பார்க்க வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வது. கதவைச் சுட்டி 'கதவு மூடியது', நடைமேடையைச் சுட்டி 'ஓரத்தில் யாரும் இல்லை' என்று ஒவ்வொரு ரயிலுக்கும் சொல்ல வேண்டும். அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் நடத்திய சோதனையில், ஒரு எளிய வேலையை வெறுமனே செய்தபோது நூறுக்கு 2.38 பிழைகள் நேர்ந்தன; சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லிச் செய்தபோது அது 0.38 ஆகக் குறைந்தது. நியூயார்க் சுரங்க ரயிலின் நடத்துநர்கள், ரயில் நின்றதும் நடைமேடையின் நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் சுட்டுவதும் இதன் வழிவந்த பழக்கம்தான். முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது, பயணிகள் பார்த்துச் சிரிப்பார்களோ என்று முணுமுணுத்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் 'ஓரத்தில் யாரும் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தபோது சொல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தால், கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு சிறுவன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்திருந்தான். கண் பார்த்தும் மனம் பதிவு செய்யாததை வாய் தடுத்து நிறுத்தியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

என்னை உண்மையில் பயிற்றுவித்தவர் ஒரு பயணி. பார்வையற்ற அவர் தினமும் காலை எங்கள் நிலையத்தில் ஏறுவார். சேர்ந்த புதிதில் ஒரு நாள் உதவுகிறேன் என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்துச் சென்றேன். அவர் நின்றுவிட்டார். "தம்பி, நீங்க என்னைப் பிடிக்காதீங்க, நான் உங்களைப் பிடிச்சுக்கறேன். முழங்கையைக் கொடுத்துட்டு அரை அடி முன்னால நடங்க, உங்க உடம்பு திரும்பறது எனக்குத் தெரியும்" என்றார். படிக்கட்டு வந்ததும் 'படி' என்றேன். மறுபடியும் நின்றார். "படின்னு மட்டும் சொன்னா ஏறுறதா இறங்குறதா?" அந்தக் கேள்விக்குப் பிறகு நான் யாரிடமும் வெறுமனே 'படி' என்று சொன்னதில்லை. இறங்கு படி, ஏறு படி, முதல் படி இது, கடைசிப் படி இது என்று சொல்லியே அழைத்துப் போகிறேன். இருக்கைக்குக் கூட்டிப்போனால் உட்காருங்கள் என்று தோளை அழுத்தாமல், அவருடைய கையை இருக்கையின் முதுகில் வைத்துவிட்டால் போதும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

அவரை ஏற்றிவிட்டதும் இறங்கும் நிலையத்தை அழைத்து எந்த ரயில், எத்தனையாவது பெட்டி, எந்தக் கதவு என்று சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் அந்தக் கதவின் முன் நிற்க வேண்டும். ஒரு நாள் நான் அழைத்துச் சொன்னேன், எடுத்தவர் குறித்துக்கொண்டார், அந்த நேரத்தில் அங்கே ஷிஃப்ட் மாறியது, குறிப்பு கைமாறவில்லை. அவர் தெரியாத நடைமேடையில் தனியாக இறங்கி, ஒரு பக்கம் ரயில் போகும் சத்தத்தை வைத்துக்கொண்டு, அசையாமல் பதினைந்து நிமிடம் நின்றிருக்கிறார். மறுநாள் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் என்னை வாட்டியது. தகவல் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து, கேட்டவர் பெட்டி எண்ணையும் கதவையும் எனக்குத் திருப்பிச் சொல்லும் வரை தொலைபேசியை வைப்பதில்லை. ஆளைப் பார்த்துவிட்டோம் என்ற பதில் அங்கிருந்து வரும்வரை என் நோட்டில் அந்த வரியை அடிப்பதுமில்லை.

இந்த வேலையில் குரலுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதை நகர ரயில்களின் சோகங்களிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பாரிஸ் மெட்ரோவில் 1903 ஆகஸ்ட் 10 அன்று தீப்பிடித்த ஒரு ரயிலின் பின்னால், குரோன் நிலையத்தில் இன்னொரு ரயில் நிறுத்தப்பட்டது. வெளியேறும்படி சொன்னபோது பயணிகளில் பலர், கொடுத்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள். அதற்குள் புகை வந்து விளக்குகள் அணைந்தன. 84 பேர் இறந்தார்கள். லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 1987 நவம்பர் 18 மாலை, மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் எண்ணெயும் தூசும் சேர்ந்த இடத்தில் ஒரு தீக்குச்சி விழுந்து தீ தொடங்கியது. ஒரு பயணி பார்த்துச் சொன்ன நேரத்துக்கும், பயணச்சீட்டு மண்டபம் முழுவதும் ஒரே கணத்தில் தீப்பற்றிய நேரத்துக்கும் இடையில் ஏறக்குறைய கால் மணி நேரம் இருந்தது. 31 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த ஃபென்னல் அறிக்கை 157 பரிந்துரைகளைச் செய்தது. நிலையப் பணியாளர்களுக்குத் தீயை எதிர்கொள்ளவும் பயணிகளை வெளியேற்றவும் போதிய பயிற்சி தரப்படவில்லை என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. என்னை மிகவும் உறுத்துவது வேறொரு செய்தி. அடிக்கடி நேர்ந்த சிறு தீக்களை அந்த நிர்வாகத்தில் தீ என்றே சொல்லாமல், 'புகைந்து கனல்வது' என்று பொருள்படும் ஒரு மென்மையான சொல்லால் குறித்துவந்தார்கள். பெயரைக் குறைத்துச் சொன்னால் கால் வேகமும் குறைந்துவிடுகிறது.

தென்கொரியாவின் டேகு நகரில் 2003 பிப்ரவரி 18 அன்று ஒருவர் வைத்த தீயில் 192 பேர் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தீ வைக்கப்பட்ட ரயிலில் இருந்தவர்கள் அல்லர், எதிர்த்தடத்தில் வந்து நின்ற இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள். உள்ளேயே இருக்கும்படி அவர்களுக்கு அறிவிப்பு செய்யப்பட்டது. பிறகு ஓட்டுநர் முதன்மைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார், கதவுகள் மூடியே இருந்தன. இந்த மூன்று நிகழ்வுகளையும் எங்கள் பயிற்சியில் அடுத்தடுத்துச் சொன்னார்கள். பல நாடுகளில் பின்பற்றப்படும் என்எஃப்பிஏ 130 என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலை, நடைமேடையில் இருப்பவர்கள் அனைவரும் 4 நிமிடத்துக்குள் அங்கிருந்து அகலவும் 6 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தை அடையவும் ஏற்றபடி நிலையங்கள் அமைய வேண்டும் என்கிறது. படிக்கட்டின் அகலத்தைப் பொறியாளர் அதற்கேற்பக் கட்டிவிடலாம். அந்த நிமிடங்கள் ஓடத் தொடங்கியதும் 'பையை விடுங்கள், இந்தப் படிக்கட்டில் ஏறுங்கள்' என்று தயங்காமல் உரக்கச் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். ஆகவே விண்ணப்பிக்கும் கூச்ச சுபாவமுள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். கூச்சம் இருந்தால் பாதகமில்லை, ஆனால் தெரியாதவர்கள் நிறைந்த இடத்தில் வயிற்றிலிருந்து குரலை எழுப்பிப் பேசப் பழகிக்கொள்ளுங்கள். மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ தனியாகச் சென்று பழகினாலும் பலன் உண்டு.

உரக்கப் பேச வேண்டிய நேரங்களைவிட மெதுவாகப் பேச வேண்டிய நேரங்கள் எனக்குக் கடினமாக இருந்திருக்கின்றன. ஒரு பிற்பகலில் ஒருவர் நடைமேடையின் கோடியில், ஏறாமல் ரயில்களைப் போகவிட்டுக்கொண்டே நின்றார். எல்லா ரயிலும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன, அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்ற எண்ணம் வந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு அவர் அருகில் சென்றேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பெரிய சொற்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அண்ணே, ரொம்ப நேரமா நிக்கறீங்க, கொஞ்சம் உட்காரலாமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு என்னோடு நடந்து வந்து இருக்கையில் உட்கார்ந்தார், அழுதார். உரியவர்கள் வரும்வரை தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரிட்டனில் 2017 முதல் ரயில் நிர்வாகமும் சமாரிட்டன்ஸ் தொண்டமைப்பும் சேர்ந்து பயணிகளிடமே, இப்படி ஒருவரைக் கண்டால் சாதாரணமாக ஒரு வார்த்தை பேசுங்கள், அதுவே உயிரைக் காக்கலாம் என்று சொல்லிவருகின்றன. அந்த நாளுக்குப் பிறகு அதை நான் முழுமையாக நம்புகிறேன்.

உடல் படும் பாட்டையும் மறைக்கக் கூடாது. அதிகாலை ஷிஃப்ட்டுக்கு ஊர் உறங்கும்போது எழ வேண்டும், இரவு ஷிஃப்ட் முடிந்தால் ஊர் எழும்போது உறங்க வேண்டும். பண்டிகை நாட்களில்தான் கூட்டம் அதிகம் என்பதால் அன்று விடுப்பு அரிது. எட்டு மணி நேரம் கல் தரையில் நிற்பதால் குதிகாலும் இடுப்பும் முதல் ஆண்டிலேயே பேசத் தொடங்கும், நல்ல காலணிக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். என் தொடக்க ஆண்டுகளில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் வேலை செய்தேன். நடைமேடையில் பணியாளர் உட்கார ஒரு நாற்காலிகூட அவர்கள் தரவில்லை, பயணிகளின் புகார்களை மட்டும் எண்ணி எங்களை மதிப்பிட்டார்கள். தடுக்கப்பட்ட விபத்து எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பதால், நன்றாக வேலை செய்பவரும் சும்மா நிற்பவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். அது அநீதி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். விண்ணப்பிக்கும் முன், உங்களை நியமிக்கப்போவது ரயில் நிறுவனமா ஒப்பந்ததாரரா, நிரந்தரப் பணிக்கு வழி இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதால் யாரும் உங்களை நிராகரிக்கப்போவதில்லை.

ஓட்டுநரே இல்லாத ரயில்கள் வந்துவிட்டன, இனி இந்த வேலை நீடிக்குமா என்று அக்கா கேட்டார். லண்டனின் டாக்லண்ட்ஸ் இலகு ரயில் 1987-இலேயே ஓட்டுநர் அறை இல்லாமல் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு ரயிலிலும் கதவைக் கவனிக்கவும் பயணிகளுக்கு உதவவும் ஒரு பணியாளர் இருந்தார். பாரிஸின் 14-ஆம் தடம் 1998-இல் தானியங்கியாகவே திறக்கப்பட்டது, அங்கும் நிலையங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். பயணச்சீட்டு விற்பது போன்ற வேலைகள் இயந்திரத்துக்குப் போய்விட்டது உண்மை, இன்னும் போகும். வழி தெரியாமல் நிற்பவரையும் மயங்கி விழப்போகிறவரையும் முகத்தைப் பார்த்தே அடையாளம் காண்பது இப்போதைக்கு எங்களிடம்தான் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா என்றும் கேட்டார். லண்டனில் மெய்டா வேல் நிலையம் 1915 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டபோது அங்கே வேலை செய்தவர்கள் அனைவரும் பெண்கள் என்றேன். போர்க்காலம் என்பதால் கிடைத்த வாய்ப்பு அது; அதே சுரங்க ரயிலில் முதல் பெண் ஓட்டுநர் வர 1978 வரை ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா மகள் திருத்திய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். முதல் வாக்கியம் மாறியிருந்தது. அவள் பகுதிநேரமாக வேலை செய்த மருந்துக்கடையில், ஒரு பெரியவர் ஒரே மாத்திரையை ஒரு வாரத்துக்குள் மூன்றாவது முறையாக வாங்க வந்ததைக் கவனித்து, பணத்தை வாங்குவதற்கு முன் மருந்தாளுநரிடம் சொன்னதை எழுதியிருந்தாள். அவர் வாங்கியதை மறந்து மறந்து வாங்கிக்கொண்டிருந்தார், வீட்டாரை அழைத்துச் சொன்ன பிறகு அவர்கள் வந்து நன்றி சொன்னார்கள் என்று மூன்று வரிகளில் முடித்திருந்தாள். ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பச் சொன்னேன்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்த அன்று, பார்வையற்றவர்களை அழைத்துச் செல்லும் முறையைக் காட்டும்படி கேட்டாள். அவளைக் கண்ணை மூடச் சொல்லி என் முழங்கையைக் கொடுத்து வீட்டுக் கூடத்தைச் சுற்றி வந்தேன். பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவள் என்னை வாசல் பக்கம் அழைத்துப் போனாள். படியைப் பற்றி நான் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. திடீரென்று அவளுடைய நடை நின்றது.

"மாமா, இறங்கு படி. மொத்தம் மூணு. முதல் படி இது."